ஏல விலையோடு முந்தைய விலையையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் பழைய தங்கக் காசு ஒன்று ஏலத்தில் இத்தனை மில்லியன் டாலருக்குப் போனது என்று வெளிநாட்டுச் செய்திகளில் அவ்வப்போது நான்கு வரி வரும். அது வந்த வாரம் முழுக்க எனக்கு ஃபோன்தான். நியூ ஜெர்சியில் இருபது வருஷமாக இருக்கிறேன், இந்தக் காசுகளைச் சேர்க்கிறேன் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றே: "நாமும் ஒன்று வாங்கிப் போட்டால் என்ன?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் சொல்வது 1933ஆம் வருஷத்து டபுள் ஈகிள், அதாவது இருபது டாலர் காசு. 2021 ஜூன் மாதம் நியூயார்க்கில் சோத்பீஸ் ஏலத்தில் 18.87 மில்லியன் டாலருக்குப் போனது. 1933இல் இந்தக் காசை 4,45,500 எண்ணிக்கையில் அடித்தார்கள். ஆனால் அந்த ஏப்ரலில்தான் அதிபர் ரூஸ்வெல்ட் மக்கள் கையில் இருக்கும் தங்கக் காசுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஆணை போட்டார், அதனால் இவற்றைப் புழக்கத்துக்கே விடாமல் பிறகு உருக்கிவிட்டார்கள். எப்படியோ சில காசுகள் அவற்றை அடித்த டங்கசாலையைவிட்டு வெளியே போய்விட்டன. அவற்றில் ஒன்றுக்கு 1944இல் அதிகாரிகள் விஷயம் தெரியாமல் ஏற்றுமதி உரிமம் கொடுத்துவிட, அது எகிப்து மன்னர் ஃபாரூக்கிடம் போய்ச் சேர்ந்தது. பல வருஷம் கழித்து அமெரிக்காவுக்கே திரும்பி வந்து வழக்கில் சிக்கி, 2002இல் ஏலத்துக்கு வந்தபோது வாங்கியவர் கொடுத்தது 75,90,020 டாலர். அந்தக் கடைசி இருபது டாலர் எதற்கு என்றால், வெளியிடப்படாத காசை அன்றைக்குத்தான் சட்டப்படி செல்லும் பணமாக ஆக்கினார்கள், அதன் முக மதிப்பைக் கருவூலத்துக்குக் கட்ட வேண்டியிருந்தது. தனியார் சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடிய 1933 டபுள் ஈகிள் இது ஒன்றுதான். பிலடெல்பியாவில் ஒரு குடும்பத்தின் பெட்டகத்தில் இதே காசு பத்து கிடைத்தது, அரசாங்கம் பத்தையும் எடுத்துக்கொண்டது, குடும்பம் கோர்ட்டுக்குப் போயும் திரும்பக் கிடைக்கவில்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். 2002இல் 7.59 மில்லியன், 2021இல் 18.87 மில்லியன். பத்தொன்பது வருஷத்தில் இரண்டரை மடங்கு, வருஷத்துக்குச் சுமார் 5 சதவீதம். அதே காலத்தில் தங்கம் என்ன ஆனது? 2002 ஜூலையில் ஒரு அவுன்ஸ் சுமார் 310 டாலர், 2021 ஜூனில் 1,800 டாலருக்கு மேல். கிட்டத்தட்ட ஆறு மடங்கு! அதே உருவம், அதே எடை கொண்ட 1924ஆம் வருஷத்துச் சாதாரண டபுள் ஈகிளில் ஒரு அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவாகத் தங்கம் இருக்கிறது. அதை வாங்கி டிராயரில் போட்டு வைத்திருந்தவர், சதவீதத்தில் பார்த்தால், உலகத்திலேயே விலை உயர்ந்த காசை வைத்திருந்தவரை மிஞ்சிவிட்டார். செய்தியில் இது வருவதே இல்லை.

எல்லா அரிய காசும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. 1822ஆம் வருஷத்து ஐந்து டாலர் ஹாஃப் ஈகிள் 17,796 அடித்ததாகக் கணக்கு, இன்றைக்குத் தெரிந்தவை மூன்றே மூன்று. அந்தக் காலத்தில் காசின் முக மதிப்பைவிட அதிலிருந்த தங்கத்தின் மதிப்பு அதிகமாகிவிட, கப்பலில் ஏற்றி அனுப்பி உருக்கித் தள்ளிவிட்டார்கள், 1834இல் எடையைக் குறைத்த பிறகுதான் இது நின்றது. மூன்றில் இரண்டு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மிச்சம் இருக்கும் ஒன்று 1982இல் 6,87,500 டாலருக்கும் 2021இல் 8.4 மில்லியனுக்கும் போனது. இது தங்கத்தை நன்றாகவே முந்தியது. முப்பத்தொன்பது வருஷம் காத்திருக்க முடிந்தவர்களுக்கு.

அப்புறம் கிராக்கி என்பது வேறு, அரிது என்பது வேறு. 1907இல் சிற்பி செயின்ட் காடன்ஸ் வடிவமைத்த ஹை ரிலீஃப், அதாவது உருவம் நன்றாக மேலெழும்பி நிற்கும் இருபது டாலர் காசு சுமார் 12 ஆயிரம் அடிக்கப்பட்டது. அதைவிடக் குறைவாக அடித்த தங்கக் காசுகள் எத்தனையோ உண்டு, ஆனால் அந்த அழகுக்காகவே ஹை ரிலீஃபை வாங்க எப்போதும் ஆள் இருக்கிறார்கள். ஏலத்தில் விலை ஏற விடாப்பிடியாக நிற்கும் இரண்டு பேர் போதும், அந்த இருவரில் ஒருவர் அடுத்த முறை வரவில்லை என்றால் அதே காசு பாதி வழியில் நின்றுவிடும். இன்னொன்று, செய்தியில் வரும் தொகையில் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் மேற்கொண்டு வாங்கும் கட்டணமும் சேர்ந்திருக்கிறது, பல இடங்களில் அது சுமார் 20 சதவீதம். விற்றவர் கைக்கு அது பொதுவாகப் போகாது.

என் அனுபவம் ஒன்று. ஆரம்பத்தில் ஒரு காசுக் கண்காட்சியில் 1904ஆம் வருஷத்து லிபர்டி டபுள் ஈகிள் ஒன்றை, புழங்காத காசு என்று வியாபாரி சொன்னதை நம்பி, தங்கத்தின் விலைக்கு மேலே நிறையக் கொடுத்து வாங்கினேன். பளபளவென்று இருந்தது, அந்தப் பளபளப்புதான் வினை. தரம் பார்த்து உறையில் இட்டுத் தரும் நிறுவனத்துக்கு அனுப்பினேன், தரத்துக்கான எண் எதுவும் போடாமல் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேசை விளக்கின் கீழ் மெதுவாகச் சாய்த்துப் பார்த்த பிறகுதான் எனக்கும் தெரிந்தது: சுதந்திர தேவியின் கன்னத்துக்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்தில் மயிரிழை போல நூற்றுக்கணக்கான கோடுகள், எல்லாம் ஒரே திசையில். யாரோ துணியால் தேய்த்திருக்கிறார்கள். 1904இல் மட்டும் 62 லட்சத்துக்கும் மேல் அடித்த காசு அது, அதற்கு எடைக்குரிய விலை மட்டும்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அதனால்தான் கேட்கிறேன். அடுத்த முறை இப்படி ஒரு ஏலச் செய்தி போடும்போது, அந்தக் காசு இதற்கு முன் எந்த வருஷம் என்ன விலைக்குக் கைமாறியது, அந்த வருஷம் தங்கம் என்ன விலை என்று ஒரே ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். பெரிய ஏல நிறுவனங்கள் முந்தைய விற்பனை விவரத்தைப் பெரும்பாலும் காசின் பூர்வீகக் குறிப்பிலேயே கொடுத்துவிடுகின்றன, தேடி அலைய வேண்டியதில்லை.

இப்படிக்கு,
நியூ ஜெர்சி வாசகர்