கற்றுத்தர ஆள் வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கால்நடை மருத்துவ வேலைவாய்ப்பு பற்றிய உங்கள் கட்டுரை தனியார் மருத்துவமனைகளோடு நின்றுவிட்டது. பல்கலைக்கழக ஆசிரியர் பணி பற்றி ஒரு வரிகூட இல்லை. நாய், பூனைகளுக்கான உள்மருத்துவத்தில் (உள்ளுறுப்பு நோய்களை அறுவையின்றிக் கவனிக்கும் பிரிவு) நிபுணராவதே நீண்ட பாதை. அமெரிக்காவில் பட்டம் முடித்தபின் வழக்கமாக ஓராண்டு இன்டர்ன்ஷிப், பிறகு 3 ஆண்டு ரெசிடென்சி என்ற சிறப்புப் பயிற்சி, அப்புறம் சான்றுத் தேர்வு. இத்தனையும் முடித்தவருக்குப் பல்கலைக்கழகத்தைவிடத் தனியார் மருத்துவமனை பொதுவாகக் கூடுதல் சம்பளம் தருகிறது. கல்விக் கடன் கழுத்தை நெரிக்கும்போது அங்கே போகிறவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் சர்க்கரை நோய் வந்த பூனைக்கு இன்சுலினை எப்போது குறைப்பது, சிறுநீரகம் பழுதான நாய்க்கு எவ்வளவு திரவம் ஏற்றுவது என்பதையெல்லாம் பக்கத்தில் நின்று கற்றுத்தர ஆள் வேண்டும். அந்த ஆசிரியரோ சிகிச்சை, வகுப்பு, மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி என்று ஓடுகிறார். பதவி உயர்வு மட்டும் பல இடங்களில் ஆய்வுக் கட்டுரைகளை வைத்தே! இது நியாயமாகப் படவில்லை. சிகிச்சைக்கும் கற்பித்தலுக்கும் முதலிடம் தரும் தனிப் பதவிகள் சில பல்கலைக்கழகங்களில் உண்டு. சரி, அவற்றுக்கும் நிரந்தரப் பணிப் பாதுகாப்பு கொடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்