பெயர்ப் பட்டியலில் தொடங்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வறுமை ஒழிப்பு, பசி ஒழிப்பு என்று உலக நாடுகள் ஐ.நா.வில் ஏற்றுக்கொண்ட 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளை எல்லாத் துறை மாணவர்களுக்கும் பொதுப்பாடமாக வைக்க வேண்டும் என்ற கட்டுரையை உங்கள் நாளிதழில் படித்தேன். நான் புள்ளியியல் ஆசிரியை. மூன்று வருடமாக அந்தப் பாடத்தை நடத்துகிறவள். தாராளமாக வைக்கலாம். ஆனால் அந்த 17 பெயர்களை ஒப்பிக்க வைப்பதில் தொடங்காதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதல் வருடம் நானும் அப்படித்தான் தொடங்கினேன். 2015 செப்டம்பர், ஐ.நா. பொதுச்சபை, 193 நாடுகள், 2030 கெடு என்று வரிசையாகச் சொல்லி, வண்ணக் கட்டங்கள் போட்ட சுவரொட்டியை மாட்டி, கடைசியில் ஒரு வினாடி வினா. (பசியை ஒழிக்கச் சொல்லும் இரண்டாம் இலக்கை ‘பசியின்மை’ என்று எழுதிப்போட்டதும் செவிலியர் பிரிவு மாணவிகள் சிரித்தது தனிக் கதை.) மதிப்பெண்ணெல்லாம் நன்றாகவே வந்தது. இரண்டு வாரம் கழித்துக் கேட்டால், மரம் நடுவதைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. “இது சுற்றுச்சூழல் துறைக்காரங்க வேலைதானே மேடம்?” என்றார் ஒரு வணிகவியல் மாணவர்.

அவர் மேல் தப்பில்லை. தலைப்புகளில் அவருடைய துறை கண்ணில் படாது. அது ஒளிந்திருப்பது தலைப்புகளுக்குக் கீழே உள்ள 169 துணை இலக்குகளில். அடுத்த வருடம் சுவரொட்டியைக் கழற்றிவிட்டு ஆளுக்கொரு துணை இலக்கைக் கையில் கொடுத்தேன். வணிகவியல்காரர்களுக்கு 10.சி: வெளிநாட்டில் உழைப்பவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பும் செலவு, அனுப்பும் தொகையில் 3 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். சட்ட மாணவர்களுக்கு 16.9, பிறப்புப் பதிவு உட்பட எல்லோருக்கும் சட்டபூர்வ அடையாளம். அப்புறம் யாரும் “இது யார் வேலை” என்று கேட்கவில்லை.

பொருளியல் மாணவி ஒருத்திக்கு 1.1 போனது, கடும் வறுமையை ஒழிப்பது. நாளுக்கு 1.25 டாலருக்கும் குறைவில் வாழ்வதே கடும் வறுமை என்று 2015 தீர்மானத்தில் எழுதியிருக்கிறது. உலக வங்கி அந்தக் கோட்டை 1.90, 2.15 என்று உயர்த்தி, 2025இல் 3 டாலர் ஆக்கிவிட்டது. கடைசி மாற்றத்தில் மட்டும் உலகில் கடும் வறுமையில் இருப்பவர்களின் எண்ணிக்கை 10 கோடிக்கு மேல் கூடியது. “மறுநாள் யார் வீட்டு அடுப்பிலும் எதுவும் மாறலையே மேடம், அப்ப கூடினது யாரு?” என்று கேட்டாள். விலைவாசிக் கணக்கு, நாடுகள் தாங்களே வைத்துக்கொள்ளும் வறுமைக் கோடுகள் என்று அன்று முழு வகுப்பும் அதிலேயே போனது. பல வருடம் புள்ளியியல் நடத்தியும் எனக்கு அப்படி ஒரு வகுப்பு அமைந்ததில்லை.

இலக்கிய மாணவர் ஒருவருக்கு 5.4, ஊதியமில்லாத வீட்டு வேலையும் பராமரிப்பும். ஒரு நாளில் எத்தனை பங்கு நேரம் அதற்குப் போகிறது என்பதை ஆண், பெண் வாரியாகப் பார்ப்பதுதான் அளவுகோல். அம்மாவின் ஒரு நாளை மணிக்கணக்காக எழுதிக்கொண்டு வந்தார். கூட்டினால் 24ஐத் தாண்டியது. அடுப்பைப் பார்த்துக்கொண்டே பாட்டிக்கு மருந்து கொடுத்த நேரத்தை இரண்டு இடத்திலும் எழுதியிருந்தார். நேரக் கணக்கெடுப்பு செய்பவர்கள் நிஜமாகவே திண்டாடும் இடம் அது!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லித்தர வேண்டும். எல்லாக் கெடுவும் 2030 இல்லை. மிகை மீன்பிடிப்பை நிறுத்தச் சொல்லும் 14.4க்குக் கெடு 2020. அது வந்துபோய்விட்டது, மிகை மீன்பிடிப்பு நிற்கவில்லை. “அப்ப ஃபெயில்தானே?” என்றார் ஒரு விலங்கியல் மாணவர். ஆமாம் என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் மற்றதையும் நம்பிக் கேட்டார்கள்.

சரி, பாடம் மாறிவிட்டது, தேர்வு மாறவில்லை. ஒரு துணை இலக்கை எடுத்து, அதன் அளவுகோல் எதைக் காட்டுகிறது, எதை விட்டுவிடுகிறது என்று இரண்டு பக்கம் எழுதச் சொன்னால் போதும் என மனு கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. போன பருவத் தேர்விலும் முதல் கேள்வி, “12ஆவது இலக்கு எது?”

இப்படிக்கு,
ஒரு புள்ளியியல் ஆசிரியை