திறமூல ஆண்ட்ராய்டு செயலிகளைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே, வணக்கம்.

உங்கள் செயலிகளைத் தமிழாக்கம் செய்யும் தன்னார்வலர்களில் நானும் ஒருவர். இணையத்தில் வரிவரியாக மொழிபெயர்த்துக் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிவதில்லை. தமிழ்ச் சொற்கள் நீளம். பொத்தானுக்குள் பாதி வெட்டுப்படும், அறிவிப்பில் கடைசிச் சொல் காணாமல் போகும். அதைக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டுமென்றால், மூலநிரலை இறக்கி எங்கள் கணினியிலேயே செயலியை பில்ட் செய்ய (அதாவது நிரலை இயங்கும் செயலியாகத் தொகுக்க) வேண்டும். ஆர்வத்தோடு வருகிற பலர் திரும்பிப் போவது இந்த இடத்தில்தான். பில்ட் செய்யும் வழியை முழுமையாக எழுதிவையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பல செயலிகளின் ரீட்மீயில் (மூலநிரலோடு வரும் அறிமுகக் கோப்பில்) இதற்கென்று இருப்பது ஒரே வரி: ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் (செயலிகளை உருவாக்கும் மென்பொருள்) திறந்து ரன் செய்யவும். உங்கள் கணினியில் அது நடக்கும். தேவையானதெல்லாம் அங்கே பல வருடங்களாகச் சேர்ந்திருக்கிறது. புதிதாக வருபவருக்கு ஜாவாவிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. கிரேடில் என்ற பில்ட் கருவியோடு சேரும் ஆண்ட்ராய்டு கிரேடில் ப்ளகின் 7.0க்கு ஜாவா 11 வேண்டும். 2023இல் வந்த 8.0க்கு 17 வேண்டும். சரி, இன்னும் புதியதையே போடுவோம் என்று ஒரு மாணவர் 21ஐ நிறுவினால், பழைய கிரேடில் அதை ஏற்காது. ‘கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65’ என்று ஒரு பிழையைக் காட்டி நின்றுவிடும். அந்த 65 ஜாவா 21ஐத்தான் குறிக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது? ‘ஜாவா 17 தேவை’ என்று நீங்கள் எழுதியிருந்தால் அவர் அங்கே ஒரு மாலைப் பொழுதை இழந்திருக்க மாட்டார்.

ஸ்டூடியோ இல்லாமல் பில்ட் செய்யும் வழியையும் எழுதுங்கள். ஸ்டூடியோவுக்குக் குறைந்தது 8 ஜிபி நினைவகம் கேட்கிறார்கள். எங்களில் பலரிடம் இருப்பது பழைய மடிக்கணினி. கட்டளை வரிக் கருவிகளும் கிரேடில் ராப்பரும் (சரியான கிரேடிலைத் தானே இறக்கும் ஸ்கிரிப்ட்) இருந்தாலே டீபக் ஏபிகே (சோதிப்பதற்கான நிறுவல் கோப்பு) ஒன்றை உருவாக்கிவிடலாம். ஆனால் எஸ்டிகே (ஆண்ட்ராய்டு உருவாக்கக் கருவித்தொகுப்பு) எங்கே இருக்கிறது என்று சொல்லும் லோக்கல் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பை ஸ்டூடியோ தானாக எழுதிக்கொள்ளும், கட்டளை வரியில் நாமே எழுத வேண்டும். எஸ்டிகே உரிமங்களையும் தனியாக ஏற்க வேண்டும். சி++ நிரலுக்கான என்டிகே கருவித்தொகுப்பில் எந்தப் பதிப்பு என்றும் தெரிய வேண்டும். சி++ பகுதி சப்மாட்யூலாக (இணைப்பாக மட்டும் இருக்கும் வேறொரு களஞ்சியமாக) இருந்தால், சாதாரணமாக க்ளோன் செய்யும்போது (நகலெடுக்கும்போது) அந்தக் கோப்புறை காலியாகவே வரும். பிழைச் செய்தியோ சிமேக் என்ற சி++ பில்ட் கருவியின் கோப்பைக் காணோம் என்று வேறெங்கோ கைகாட்டும்.

இவையெல்லாம் தேடினால் கிடைக்கும் விடைகள். தேடியும் தீராதது உங்களிடம் மட்டும் இருக்கும் கோப்புகள். கூகுளின் ஃபயர்பேஸ் சேவைக்கான கூகுள் சர்வீசஸ் ஜேசன் கோப்பையும் செயலியில் கையொப்பமிடும் சாவி இருக்கும் கீஸ்டோரையும் நீங்கள் வெளியிடாமல் வைத்திருப்பது சரிதான். ஆனால் டீபக் பில்டுக்குக்கூட அவை இல்லாமல் முடியாது என்றால், வெளியாள் ஒருவராலும் அந்தச் செயலியை பில்ட் செய்ய முடியாது. கீஸ்டோர் இருந்தால் மட்டும் அதைப் படிக்கும்படி கிரேடில் கோப்பில் ஒரு நிபந்தனை போதும். டீபக் சாவியை ஆண்ட்ராய்டு கருவிகளே உருவாக்கிக்கொள்ளும். ஃபயர்பேஸ் இல்லாத ஒரு ஃப்ளேவரை (செயலியின் மாற்று வடிவத்தை) தனியாக வைத்தால், திறமூலச் செயலிகளுக்கான கடையான எஃப்-டிராய்டில் சேர்ப்பதும் எளிதாகும்.

1991இல் வந்த, ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் இரண்டாம் பதிப்பே, முழு மூலநிரல் என்றால் தொகுக்கவும் நிறுவவும் உதவும் ஸ்கிரிப்டுகளும் அதில் அடக்கம் என்று சொல்கிறது. நிரலை மட்டும் வெளியிட்டுவிட்டு பில்ட் செய்யும் வழியை மறைவாக வைத்திருப்பது, வேண்டுமென்றே செய்யாவிட்டாலும், அந்த உரிமத்தின் நோக்கத்துக்கு ஒத்துவராது என்பதே என் கருத்து.

இதற்காக நீங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தானியங்கி பில்டுக்கான உங்கள் சிஐ கோப்பில் ஜாவா பதிப்பு, எஸ்டிகே, கட்டளைகள் எல்லாமே ஏற்கெனவே இருக்கின்றன. எஃப்-டிராய்டில் இருக்கும் செயலிகளுக்கு அங்கேயும் ஒரு பில்ட் குறிப்பு இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் ரீட்மீயை விட்டுவிட்டு நேராக அவற்றைத்தான் பார்க்கிறார்கள். அதே விவரங்களை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதிவையுங்கள். அப்புறம், ஒவ்வொரு பெரிய வெளியீட்டுக்கு முன்பும், எதுவும் நிறுவாத ஒரு டாக்கர் கண்டெய்னரில் (கணினிக்குள் தனித்து இயங்கும் வெற்றுச் சூழலில்) ரீட்மீயில் உள்ளதை மட்டும் செய்து பாருங்கள். செயலி பயன்படுத்தும் நிரல் நூலகங்கள் இருந்த இடமே இல்லாமல் போவதும் உண்டு. அத்தகைய நூலகக் களஞ்சியமான ஜேசென்டர் மூடப்படும் என்று 2021இல் அறிவித்த பிறகு, அதை நம்பியிருந்த பல பழைய செயலிகள் அப்படித்தான் பில்ட் ஆகாமல் போயின.

நீங்கள் எழுதினால் அதை எங்கள் லினக்ஸ், விண்டோஸ் கணினிகளில் சோதித்து, எந்த வரியில் நிற்கிறது என்று எழுதி அனுப்புகிறோம். அந்த வழிகாட்டியைத் தமிழிலும் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவர்