கப்பலில் விமானம் இறங்கிய வரலாறு: கயிறும் காற்றும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் விமானந்தாங்கிக் கப்பல்களைப் பற்றி அண்மையில் வெளியான கட்டுரை, கப்பலில் முதன்முதலாக விமானத்தை இறக்கியவர் பிரிட்டிஷ் கடற்படையின் எட்வின் டன்னிங் என்றும், ஆண்டு 1917 என்றும் கூறியிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கப்பலில் இறக்கியவர்களில் அவரே முதல்வர் என்பது சரி. ஆனால் அதற்கு ஆறரை ஆண்டுகளுக்கு முன்பே, 1911 ஜனவரி 18 அன்று, அமெரிக்கரான யூஜீன் ஈலி சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நங்கூரமிட்டு நின்ற ‘பென்சில்வேனியா’ என்னும் போர்க்கப்பலில் தம் கர்ட்டிஸ் விமானத்தை இறக்கிவிட்டார். இவ்விருவர் கையாண்ட வழிகளும் வேறு வேறு. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் இன்றைய விமானந்தாங்கிக் கப்பல் எப்படி இயங்குகிறது என்பது மாணவர்க்கு விளங்கும் என்பதால் இத்திருத்தத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஈலி 1910 நவம்பர் 14 அன்றே ‘பர்மிங்காம்’ என்னும் கப்பலின் முன்பகுதியில் அடித்த மரத்தளத்திலிருந்து பறந்து கிளம்பியிருந்தார். சக்கரங்கள் கடல்நீரைத் தொட்டு மீண்டதால் மயிரிழையில் தப்பினார். கிளம்புவதைவிட இறங்குவது கடினம். ‘பென்சில்வேனியா’வின் பின்புறத்தில் அமைத்த தளத்தின் நீளம் ஏறத்தாழ 40 மீட்டர்தான், அவருடைய விமானத்தில் பிரேக்கும் இல்லை. ஆகவே தளத்தின் குறுக்கே 22 கயிறுகளைக் கட்டி, ஒவ்வொரு கயிற்றின் இரு முனையிலும் சுமார் 23 கிலோ எடையுள்ள மணல்மூட்டையைப் பிணைத்து வைத்தனர். விமானத்தின் அடியிலிருந்த கொக்கிகள் கயிறுகளில் மாட்டிக்கொள்ள, அவை இழுத்த மூட்டைகளின் பாரமே விமானத்தை நிறுத்தியது. ஈலி உடம்பில் சைக்கிள் டியூப்களைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆஷ் சுடப்பட்டதும் அதே 1911இல்தான். ‘காலியா’, ‘லாவோ’ கப்பல்களைக் கொண்டுவந்த வ.உ.சி. அப்போது சிறையில் இருந்தார். அந்தக் காலத்து நுட்பம் எந்த நிலையில் இருந்தது என்பதை நம் திருநெல்வேலி மாவட்டத்து மாணவர்கள் இந்த ஆண்டை வைத்தே கணித்துக்கொள்ளலாம்.

கப்பல் நின்றுகொண்டிருந்ததால், அதன் ஓட்டத்தால் கிடைத்திருக்கக்கூடிய எதிர்காற்று ஈலிக்குக் கிடைக்கவில்லை. டன்னிங்குக்கு நேர்மாறான நிலை. 1917 ஆகஸ்ட் 2 அன்று, ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஸ்காப்பா புளோ துறைமுகத்தில், ‘பியூரியஸ்’ கப்பல் மணிக்கு 26 கடல் மைல் வேகத்தில் 21 கடல் மைல் வேகக் காற்றை எதிர்த்து ஓடியது. ஆக, தளத்தின் மேல் வீசிய காற்று மணிக்கு 47 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 87 கிலோமீட்டர். அவர் ஓட்டிய சாப்வித் பப் என்ற சிறு விமானத்தின் இறங்கும் வேகத்துக்கு இது கிட்டத்தட்ட ஈடாகிவிட்டது. காவல்கிணறு பக்கம் ஆடி மாதக் காற்றில் பருந்து சிறகசைக்காமல் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. விமானம் தளத்தின் மேல் ஏறக்குறைய அசையாமல் நிற்க, கீழே காத்திருந்தவர்கள் ஓடிவந்து அதில் தொங்கிய வார்களைக் கையால் பிடித்து இழுத்து இறக்கினார்கள். கயிறோ மணல்மூட்டையோ அங்கே இல்லை. ஐந்து நாள் கழித்து மறுபடி முயன்றபோது விமானம் கப்பலின் விளிம்பைத் தாண்டிக் கடலில் விழ, 25 வயதான டன்னிங் மூழ்கி இறந்தார். ஈலியும் தம் சாதனைக்குப் பின் ஒன்பது மாதத்தில் ஒரு வான்சாகசக் காட்சியில் விழுந்து மாண்டவரே.

தங்கள் கட்டுரை முற்றாக விட்டுவிட்ட செய்தி அதன் பிறகு நடந்தது. டன்னிங் இறங்கிய இடம் கப்பலின் முன்தளம். நடுவில் நின்ற புகைபோக்கியையும் கப்பலை இயக்கும் மேடையையும் பக்கவாட்டில் சுற்றி வந்து அவர் இறங்க வேண்டியிருந்தது. அந்தச் சிக்கல் வேண்டாமென்று பின்புறத்தில் தனித் தளம் கட்டினார்கள். ஆனால் நடுவிலிருந்த கட்டடத்தில் மோதிச் சுழன்ற காற்றும் புகைபோக்கியின் சூடான புகையும் விமானங்களைத் தடுமாற வைத்தன. பெரும்பாலான முயற்சிகள் விபத்திலேயே முடிந்தன. இப்படிக் காற்று கற்பித்த பாடத்திலிருந்துதான் 1918இல், குறுக்கே எந்தத் தடையுமின்றி முனையிலிருந்து முனைவரை ஒரே சமதளம் கொண்ட ‘ஆர்கஸ்’ பிறந்தது. புகைபோக்கியைக்கூட அதில் மேலே நிறுத்தாமல், புகையைக் குழாய் வழியே பின்புறத்தில் வெளியேற்றினார்கள். என் கருத்தில், விமானந்தாங்கிக் கப்பலின் உண்மையான தொடக்கம் இதுவே.

கயிறும் காற்றும் ஏன் சேர்ந்தே தேவைப்படுகின்றன என்பதைச் சிறு கணக்கால் காட்டிவிடலாம். மணிக்கு 100 கடல் மைல் வேகத்தில் இறங்கும் விமானத்துக்கு, தளத்தின் மேல் 40 கடல் மைல் எதிர்காற்று கிடைத்தால், தளத்தைப் பொறுத்த அதன் வேகம் 60தான். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆதலால் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பி வடம் தாங்கவேண்டிய ஆற்றல் 100 பங்கிலிருந்து 36 பங்காகக் குறைகிறது. கிளம்புவதற்கும் இதே காற்றுதான் கைகொடுக்கிறது. நம் நாட்டின் பழைய ‘விக்ராந்த்’ 1971 போரின்போது கொதிகலனில் விரிசல் கண்டு முழு வேகத்தில் ஓட முடியாத நிலையில் இருந்தது. வங்காள விரிகுடாவில் காற்று மந்தமாக இருக்கும் நாளில் விமானங்களைக் கிளப்ப முடியுமா என்ற கவலைக்கு அதுவே காரணம். அந்தக் குறையோடுதான் அது போரில் ஈடுபட்டது. 2022இல் கொச்சியில் கடற்படையில் சேர்க்கப்பட்ட புதிய ‘விக்ராந்த்’தில் விமானம் கிளம்பும் முனை மேல்நோக்கி வளைந்திருக்கிறது, இறங்கும் விமானத்தை நிறுத்தக் குறுக்குக் கம்பி வடங்கள் இருக்கின்றன. ஈலியின் கயிறு இரும்பாகி, மணல்மூட்டையின் இடத்தை இயந்திரம் பிடித்துக்கொண்டது.

கப்பலில் முதலில் விமானத்தை இறக்கியவர் பற்றிய செய்தியைத் தாங்கள் திருத்தி வெளியிட வேண்டும் என்பது ஒரு வேண்டுகோள். மற்றொன்று, தங்கள் நாளிதழ் வழியாகக் கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்தாருக்கு: விஜயநாராயணத்தில் கடற்படையின் ‘ஐ.என்.எஸ். கட்டபொம்மன்’ நிலையம் இருக்கும் இந்த மாவட்டத்தின் பிள்ளைகள் கடற்படை நுட்பத்தைக் கையால் தொட்டுப் பார்க்க ஒரு மாதிரி அமைக்கலாம். நீளமான பலகை, அதன் முகப்பில் வேகம் கூட்டிக் குறைக்கக்கூடிய மின்விசிறி, குறுக்கே சில நூல்கள், முனைகளில் சிறு மணல்பைகள், கொக்கி வைத்த இலேசான விமானம் ஆகியவை போதும். விசிறியை நிறுத்தி ஒருமுறை, ஓடவிட்டு ஒருமுறை, நூலை அவிழ்த்துவிட்டு ஒருமுறை என விமானம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று மாணவர்களே அளந்து எழுதிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பணகுடி, திருநெல்வேலி மாவட்டம்.