அலட்சியம் யாருடையது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தங்கள் வணிகப் பக்கத்தில் இணைய மோசடி குறித்து வந்த கட்டுரையில், தேநீருக்குச் செலவிடும் பணத்தைக்கூடக் கணினிப் பாதுகாப்புக்கு ஒதுக்காத சிறு வணிகர்கள் தங்கள் அலட்சியத்தால் இழப்பைத் தாங்களே தேடிக்கொள்கிறார்கள் என்றொரு வரி இருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தங்கள் நாளிதழை வாங்கிவரும் எனக்கு அந்த வரி மிகுந்த மனவருத்தத்தைத் தந்தது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மூன்று லேத் இயந்திரங்களுடன் பட்டறை நடத்துகிறேன். 2024 ஆகஸ்டில், எங்களுக்குப் பல ஆண்டுகளாகச் சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. பில் எண், தொகை, ஜிஎஸ்டி எண் எல்லாம் சரியாக இருந்தன. தணிக்கை நடப்பதால் இம்முறை வேறு வங்கிக் கணக்கில் செலுத்தும்படி மட்டும் எழுதியிருந்தது. கணக்கு எழுதும் பெண் என்னிடம் காட்டிக் கேட்டார். "போட்டுவிடம்மா" என்று சொன்னவன் நான்தான். 3,86,000 ரூபாய் போயிற்று. நிறுவனத்தார் ஐந்து நாள் கழித்துப் பணம் வரவில்லையே என்று கேட்டபிறகு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தேன். ஆங்கில எம் (m) இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் (rn) என்ற இரண்டு எழுத்துகள் ஒட்டி நின்றன. இதை அலட்சியம் என்று எழுதுமுன் கட்டுரையாளர் அந்தத் திரையை ஒருமுறை பார்த்திருக்கலாம்.

பெறுபவர் பெயராக நிறுவனத்தின் பெயரைத்தானே கொடுத்தோம், வேறொருவர் கணக்கில் எப்படி வரவு வைத்தீர்கள் என்று வங்கியில் கேட்டேன். கணக்கு எண்ணை மட்டுமே பார்ப்போம், பெயரை ஒப்பிடுவதில்லை என்றார் அதிகாரி. ஒரு வங்கியிலிருந்து மற்றொரு வங்கிக்குப் பணம் அனுப்பும் நெஃப்ட் முறை 2005இல் வந்தது. அனுப்புமுன் பெயரைச் சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டதோ 2024 டிசம்பர் கடைசியில். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்த ஓட்டை திறந்து கிடந்ததை அலட்சியம் என்று யாரும் எழுதவில்லை. மோசடியில் வாடிக்கையாளரின் பொறுப்புக்கு வரம்பு வைத்த ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் காட்டினேன். நீங்களே அனுப்பிய பணத்துக்கு அது பொருந்தாது என்று முடித்துவிட்டார்கள்.

இணைய மோசடியைப் புகார் செய்வதற்கான 1930 என்ற உதவி எண்ணை வங்கியிலும் சொல்லவில்லை, காவல் நிலையத்திலும் சொல்லவில்லை. பக்கத்துப் பட்டறைக்காரரின் கல்லூரியில் படிக்கும் மகன்தான் சொன்னான். அதற்குள் அந்தக் கணக்கில் 41,000 ரூபாய்தான் மிஞ்சியிருந்தது. அதை முடக்கி வைத்திருக்கிறார்கள்; விடுவிக்க நீதிமன்ற ஆணை வேண்டும் என்று அப்போது சொன்னார்கள், இன்றும் அலைகிறேன்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, அடுத்த ஆண்டு சரக்கை அனுப்பும்போது இணையத்தில் எடுக்க வேண்டிய இ-வே பில் என்ற சீட்டு வந்தது, எல்லாவற்றையும் இணையத்தில்தான் செய்ய வேண்டும் என்றார்கள், செய்தோம். கணக்குத் தாக்கல் ஒரு நாள் தாமதமானாலும் அபராதம் கட்டுகிறோம். ஆனால் அந்தக் கணினியை எப்படிக் காப்பது என்று எங்களை உட்காரவைத்துத் தமிழில் சொன்னவர் எவருமில்லை. 2019இல் கணக்கு எழுதும் டேலி மென்பொருள் இருந்த கணினியை இணையம் வழியாக யாரோ பூட்டிப் பணம் கேட்டபோது, கணக்கின் நகலை (பேக்அப்) எடுத்து வைத்த பென் டிரைவும் அதிலேயே செருகியிருந்ததால் இரண்டு ஆண்டுக் கணக்கும் சேர்ந்தே போயிற்று. அதைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும் என்பதைக் கணினி விற்றவர்கூட எங்களுக்குச் சொல்லவில்லை.

கணக்கு எழுதும் பெண்ணும் தங்கள் கட்டுரையைப் படித்தார். மாதாமாதம் தம் சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் பிடித்துக்கொள்ளும்படி மறுநாள் என்னிடம் வந்து சொன்னார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது, ஐயா?

வணிகப் பக்கத்தின் ஓரத்தில் 1930 என்ற எண்ணை நாள்தோறும் கட்டம் கட்டி வெளியிடுங்கள். கணக்கு எண் மாறிவிட்டதாக மின்னஞ்சல் வந்தால், அதிலுள்ள தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, நம்மிடம் முன்பே இருக்கும் எண்ணில் பேசி உறுதி செய்தபிறகே பணம் அனுப்ப வேண்டும் என்று அதன் கீழே ஒரு வரி சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர் ஒருவர்,
அம்பத்தூர், சென்னை.