வல்லுநர் பார்க்காமல் அந்தப் படங்களைத் தொடாதீர்கள்

மதிப்புக்குரிய மேயர் அவர்களுக்கும் மாமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பழைய நகர மண்டபத்துக்கு வெள்ளையடித்தபோது அங்கிருந்த பழைய ஓவியம் ஒன்று சேதமானது உங்களுக்கே தெரியும். முதலில் அந்த ஒரு படத்தைப் பற்றி எழுதுகிறேன்.

கூட்ட அறையில் மாட்டியிருக்கும் பெரிய எண்ணெய் ஓவியத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்திருக்கிறார்கள். கீழ் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு வண்ணம் உரிந்து, கான்வாஸின் இழை தெரிகிறது. பழைய ஓவியத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கும். அவற்றின் வழியே ஈரம் இறங்கினால் அடியில் உள்ள பசைப்பூச்சு ஊறும், கான்வாஸ் துணி சுருங்கும், வண்ணம் செதில் செதிலாக எழும்பும். உதிர்ந்த செதில்களை எடுத்து வைத்திருந்தால் சிலவற்றையாவது திரும்ப ஒட்டியிருக்கலாம். சுண்ணாம்புத் தூளோடு சேர்த்துப் பெருக்கிக் கொட்டிவிட்டார்கள். துடைத்த ஊழியர் மேல் எனக்கு வருத்தமில்லை. சுத்தம் செய்யச் சொன்னார்கள், செய்தார். சொன்னவர்கள் யாரையாவது கேட்டுவிட்டுச் சொன்னார்களா?

நான் கேட்பது ஒன்றுதான். ஓவியப் பாதுகாப்பு தெரிந்த வல்லுநர் வந்து பார்க்கும்வரை அங்குள்ள எதையும் யாரும் தொடக் கூடாது.

1715-ல் டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தை ஆம்ஸ்டர்டாம் நகர மண்டபத்துக்குக் கொண்டுபோனபோது, சுவரில் இடம் போதவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டினார்கள். அந்தத் துண்டுகள் இன்றுவரை கிடைக்கவில்லை. போனது போனதுதான்.

மற்ற பொருட்களின் நிலையும் நன்றாக இல்லை. நீர்வண்ண வரைபடங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்துக்கு மேல் கூடாது என்பது அருங்காட்சியக வழக்கம். இங்கே அவை ஜன்னல் வெயிலில் தொங்குகின்றன. வெளுத்த நிறம் எந்தச் சிகிச்சையிலும் திரும்பாது. வெள்ளிக் கோப்பைகளை விழாவுக்கு விழா பாலிஷ் போட்டுத் தேய்த்ததில் பொறித்த எழுத்தே மழுங்கிவிட்டது. மண்டபத்து நாற்காலிக்கும் மின்விசிறிக்கும் இருப்புப் பதிவேட்டில் எண் இருக்கிறது, இவற்றுக்கு இல்லை. நாளைக்கு ஒன்று காணாமல் போனால் எதை வைத்துத் தேடுவீர்கள்? அலங்கார விளக்குக்கும் கம்பளத்துக்கும் உடனே கிடைக்கும் பணம், இதற்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை?

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்: முதலில் வல்லுநர், பிறகு புகைப்படத்தோடு ஒரு பதிவேடு, அப்புறம்தான் துடைப்பதும் மாட்டுவதும். அதுவரை ஜன்னல் திரைகளையாவது இழுத்து மூடிவைக்கச் சொல்லுங்கள். அதற்குத் தீர்மானம் தேவையில்லை, இன்றைக்கே செய்யலாம்.

இப்படிக்கு,
நகரவாசி ஒருவர்