பிஎஸ்ஏடி: சனிக்கிழமை பயிற்சித் தேர்வு

வணக்கம். பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு.

வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்கு, அவரவர் வீட்டிலேயே பிஎஸ்ஏடிக்கு (அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடியின் முன்னோட்டத் தேர்வு) ஒரு முழுப் பயிற்சித் தேர்வு, உண்மைத் தேர்வும் நடக்கும் புளூபுக் செயலியில். மொத்தம் 2 மணி 14 நிமிடம், நடுவில் 10 நிமிட இடைவேளை. செயலியை வெள்ளிக்கிழமை இரவே மடிக்கணினியில் இறக்கிவிடுங்கள், காலையில் அப்டேட் ஓடிக்கொண்டிருக்க வேண்டாம். ஃபோன் வேறு அறையில் இருக்கட்டும்.

நம் வீடுகளில் எல்லாரும் கணக்கையே பிடித்துக்கொள்கிறோம். ஆனால் பதினொன்றாவது பிள்ளைகளின் நேஷனல் மெரிட் (பிஎஸ்ஏடி மதிப்பெண்ணை வைத்துத் தொடங்கும் கல்வி உதவித்தொகை) கணக்கீட்டில் வாசிப்பு-எழுத்து மதிப்பெண் இரண்டு மடங்காகச் சேர்கிறது. வாசிப்பு 700, கணக்கு 740 என்றால் (700 + 700 + 740) ÷ 10 = 214. அதையே மாற்றி வாசிப்பு 740, கணக்கு 700 என்றால் 218. மொத்தம் இரண்டிலும் 1440தான்! ஆகவே கடைசி வாரத்தில் வாசிப்புக்கும் கொஞ்சம் நேரம் கொடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு பாடத்திலும் முதல் பகுதியை எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தே இரண்டாம் பகுதி கடினமாகவோ எளிதாகவோ வரும். முடித்த பகுதிக்குத் திரும்பவும் முடியாது. முதல் பகுதியில் அவசரம் வேண்டாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, அதனால் எதையும் காலியாக விடக்கூடாது. டெஸ்மாஸ் கால்குலேட்டர் செயலிக்குள்ளேயே இருக்கிறது, சனிக்கிழமைக்கு முன் ஒருமுறை தட்டிப் பழகட்டும்.

மதிப்பெண்ணைக் குழுவில் போட வேண்டாம், ப்ளீஸ். புரியாத கேள்விகளை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். ஞாயிறு மாலை 5 மணிக்கு ஜூமில் பார்ப்போம்.